நேரான பதில் வராதபோது கடிதத்தில் எந்த ஆங்கிலச் சொல்லை எழுதுவது?

கோலாலம்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிர்வாகத்துக்கும் வீட்டுக்காரர்களுக்கும் இடையே ஓடும் கடிதங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஜாலான் ஈப்போ பக்கத்திலும் வாழும் நம்மவர்கள் வீட்டில் தமிழிலும் கடையில் மலாயிலும் தயங்காமல் வாதாடுவார்கள். ஆங்கிலத்தில் புகார் எழுத உட்கார்ந்ததும் கைபேசியில் சொல் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்தவன் என்பதால், அக்கம்பக்கத்தார் தங்கள் வரைவுகளை என்னிடம் காட்டுவது வழக்கம். அவற்றில் நான் பேனாவை எடுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை என்று சொல்ல வரும் இடம்.

மின்தூக்கியைப் பழுது பார்க்க எவ்வளவு செலவானது என்று கூட்டத்தில் கேட்டிருப்பார்கள். “எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்” என்று பதில் வந்திருக்கும். இதைச் சொல்லத் தமிழில் நமக்குப் பஞ்சமே இல்லை. மழுப்பினார், பிடி கொடுக்காமல் பேசினார், பூசி மெழுகினார், மென்று விழுங்கினார், தட்டிக் கழித்தார் என்று ஆளுக்கும் நேரத்துக்கும் ஏற்பச் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்திலும் அவ்வளவு சொற்கள் இருக்கின்றன. ஆனால் கைபேசியில் தேடும்போது அவை ஒரே பொருளுள்ள சொற்கள் போல வரிசையாக வந்து நிற்கின்றன. ஒன்று நட்பான கிண்டல், ஒன்று பாராட்டுக்குக்கூட உரிய எச்சரிக்கை, இன்னொன்று ஏறக்குறையப் பொய்யன் என்ற குற்றச்சாட்டு. பட்டியல் அதைச் சொல்வதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதில் வேண்டும் என்பதற்காக எழுதும் கடிதத்தில் இந்தச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு இடமில்லை. குற்றம் சாட்டும் ஒரு சொல்லை நாம் எழுதிவிட்டால், நழுவ நினைப்பவருக்கு அதுவே புது வாசலாகிவிடும். அவர் நம் கேள்வியை விட்டுவிட்டு அந்தச் சொல்லுக்குப் பதில் எழுதுவார். எந்தச் சொல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்தால்தான் இது விளங்கும்.

மிக மென்மையானது ‘பீட் அபவுட் த புஷ்’. அமெரிக்கர்கள் ‘அபவுட்’ என்ற இடத்தில் ‘அரவுண்ட்’ என்பார்கள். இங்கே இரண்டும் காதில் விழும். 15ஆம் நூற்றாண்டிலிருந்தே பதிவாகியிருக்கும் வேட்டை வழக்கு இது. புதரைச் சுற்றித் தட்டிப் பறவைகளைக் கிளப்புவார்கள். பிடிப்பது அதற்குப் பிறகு வரும் வேலை. தட்டிக்கொண்டே இருப்பவர் பிடிக்கிற வேலைக்கு வரவில்லை என்பதுதான் குறை. எனவே இதில் பொய் என்ற குற்றச்சாட்டு இல்லை. கடன் கேட்க வந்த உறவினர் மழையையும் மாமியார் உடம்பையும் பற்றி அரைமணி நேரம் பேசினால் அவருக்கு இது பொருந்தும். கணக்கைக் காட்ட மறுக்கும் நிர்வாகிக்குப் பொருந்தாது. அவர் தாமதமாகவாவது விஷயத்துக்கு வருவார் என்று இந்தத் தொடர் நினைக்க வைக்கிறது. வர விருப்பமில்லாதவருக்கு நாமே நல்ல பெயர் கொடுத்ததாகிவிடும். தவிர, இது பேச்சு வழக்கு. பதிவுத் தபாலில் போகும் கடிதத்தில் எடுபடாது.

‘வாஃபில்’ என்ற சொல்லை அடியோடு தவிர்க்கச் சொல்கிறேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது சாரமில்லாமல் வளவளவென்று பேசுவது. அமெரிக்க ஆங்கிலத்தில் முடிவெடுக்காமல் இப்படியும் அப்படியும் ஊசலாடுவது. நம் ஊரில் ஒரு நிர்வாக அலுவலகத்தில் லண்டனில் படித்தவரும் அமெரிக்காவில் படித்தவரும் அடுத்தடுத்த மேசைகளில் இருக்கலாம். பதில் தெளிவாக இல்லை என்று குறை சொல்லும் கடிதத்தில் இரு பொருள் தரும் சொல்லை வைப்பது தகாது.

அடுத்து வருவது ‘ஹெட்ஜ்’. இந்தச் சொல்லுக்காக நான் கொஞ்சம் வாதாட வேண்டும், ஏனென்றால் இதை மழுப்பலோடு சேர்த்து எண்ணுவது நேர்மையாகப் பேசுகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். வேலிப்புதர் என்பது அதன் மூலப்பொருள். நேரடியாகச் சொல்லாமல் தனக்கு ஒரு மறைவு வைத்துக்கொண்டு பேசுவது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. பிறகு பந்தயக்காரர்கள், நட்டத்தைக் குறைக்க மறுபக்கமும் பணம் கட்டுவதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து நிதிச் சந்தைக்குப் போனது. 1970களிலிருந்து மொழியியலாளர்கள் ‘ஒருவேளை’, ‘பெரும்பாலும்’, ‘ஏறத்தாழ’ போன்று உறுதியின் அளவைக் குறைத்துக்காட்டும் சொற்களை இந்தப் பெயரால் ஆராய்கிறார்கள். மருத்துவரும் விஞ்ஞானியும் இப்படித்தான் பேச வேண்டும். “உதிரிப்பாகம் துறைமுகத்திலிருந்து வந்துவிட்டால் மாத இறுதிக்குள் மின்தூக்கி ஓடக்கூடும்” என்று சொல்லும் பொறியாளர் மழுப்பவில்லை. தனக்குத் தெரிந்த அளவைத் தெரிந்த அளவாகவே சொல்கிறார்.

எச்சரிக்கையா மழுப்பலா என்று பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: “இது எதைப் பொறுத்தது?” எச்சரிக்கையாகப் பேசுபவர் உடனே காரணத்தைச் சொல்வார். உதிரிப்பாகம், ஒப்பந்தக்காரரின் தேதி, பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் என்று ஏதோ ஒன்று கைக்குக் கிடைக்கும். மழுப்புகிறவரிடமிருந்து அதற்கும் ஒரு பொதுப்பேச்சுதான் வரும். கடிதம் எழுதுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். கோபத்தில் எழுதவிருந்த கடிதங்களில் சில எழுதத் தேவையில்லாமலே போய்விடும்.

‘நான்-கமிட்டல்’ இதற்குப் பக்கத்து வீடு. நம் ‘பிடி கொடுக்காத’ என்பதோடு அழகாகப் பொருந்துகிறது. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை என்பதை மட்டும் அது பதிவு செய்கிறது. ஏன் சொல்லவில்லை என்று ஊகிப்பதில்லை. இந்தக் குடும்பத்தில் மனம் உவந்து நான் சிபாரிசு செய்யும் சொல் இதுதான்.

‘ஈவேசிவ்’ என்பதிலோ அந்த ஊகம் இருக்கிறது. தப்பி வெளியேறுவது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது; வரி ஏய்ப்புக்கும் ஆங்கிலத்தில் இதே வேரிலிருந்து பிறந்த சொல்தான். வேண்டுமென்றே நழுவினார் என்று அது சொல்லுகிறது. இதை எழுதியே ஆக வேண்டும் என்றால் ஆளுக்கு அடைமொழியாக்காமல் பதிலுக்கு அடைமொழியாக்குங்கள். ‘உங்கள் பதில் நழுவலாக இருக்கிறது’ என்பதற்கும் ‘நீங்கள் நழுவுகிற ஆள்’ என்பதற்கும் உள்ள தூரம் தமிழில் எவ்வளவோ அவ்வளவே ஆங்கிலத்திலும் உண்டு. முதல் கடிதத்தில் அதுவும் வேண்டாம். ‘டாட்ஜ்’ இதன் பேச்சு வடிவம். நாளிதழ்த் தலைப்பில் நன்றாக இருக்கும், கடிதத்தில் கரடுமுரடாக ஒலிக்கும்.

இனி வருபவை இரண்டும் ஆபத்தானவை. படித்த சொற்கள் போல ஒலிப்பதால் நம் பிள்ளைகளை மிகவும் கவர்பவையும் இவைதான்.

‘இக்விவொகேட்’ என்றால் இரு பொருள்படப் பேசி ஏமாற்றுவது. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலேய வரலாற்றில் ஒரு கறை உண்டு. 1605 நவம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டது. அதில் தொடர்புடையவர் என்று யேசுசபைப் பாதிரியார் ஹென்றி கார்னெட் 1606 மார்ச்சில் விசாரிக்கப்பட்டு மே மாதம் தூக்கிலிடப்பட்டார். துன்புறுத்தலுக்கு அஞ்சும் கத்தோலிக்கர், கேட்பவர் ஒரு பொருளில் எடுத்துக்கொள்ளும்படியும் தன் மனத்தில் வேறு பொருளை வைத்துக்கொண்டும் பதில் சொல்லலாம் என்ற கோட்பாட்டை அவர் ஆதரித்தது அந்த விசாரணையில் அவருக்கு எதிராகப் பயன்பட்டது. அதன் பிறகு இந்தச் சொல்லின் மேல் படிந்த சூழ்ச்சியின் நிழல் நீங்கவே இல்லை.

இதைச் சரியாகப் பயன்படுத்த இடம் உண்டு. “பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது” என்று பதில் வந்தால், செலவாகிவிட்டது என்றும் கொள்ளலாம், தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றும் கொள்ளலாம். இரண்டு பொருளையும் உங்களால் காட்ட முடிகிறது என்றால் சொல் பொருத்தமானதுதான். ஆனால் காட்ட முடிகிறபோது, காட்டினாலே போதுமே! “ஒதுக்கப்பட்டது என்பதற்குச் செலவானது என்று பொருளா, இருப்பில் உள்ளது என்று பொருளா?” என்று எழுதுங்கள். அதில் எவரும் புண்பட முடியாது. பதில் சொல்லாமல் விடவும் முடியாது.

‘பிரிவாரிகேட்’ இன்னும் மோசம். வளைந்து கோணலாக நடப்பதைக் குறித்த லத்தீன் வேர் அது. ரோமானியச் சட்டத்தில், குற்றம் சாட்டிவிட்டுக் குற்றவாளியோடு இரகசியமாகக் கூட்டுச் சேர்ந்துகொள்ளும் வழக்காடிக்கு அந்தப் பெயர். இன்றைய ஆங்கிலத்தில் உண்மையிலிருந்து விலகிப் பேசுவது என்று பொருள். பலர் காதில் அது ‘பொய் சொல்லுகிறார்’ என்றே விழும். இன்னொரு பக்கம், அதைத் ‘தாமதிக்கிறார்’ என்ற பொருளில் பிழையாகப் பயன்படுத்துவோரும் நிறையப் பேர். எழுதியவர் ‘இழுத்தடிக்கிறீர்கள்’ என்று நினைத்திருப்பார்; படித்தவர் ‘பொய்யர்’ என்று படித்திருப்பார்.

இப்படி ஒன்று எனக்குத் தெரிந்த குடியிருப்பில் நடந்தது. ஓர் இளைஞர் பராமரிப்புக் கட்டணக் கணக்கைக் கேட்டு நல்ல கடிதம் எழுதியிருந்தார். கேள்விகள் எல்லாம் சரியானவை. கடைசிப் பத்தியில் மட்டும் இந்தச் சொல் இருந்தது. நிர்வாகத்திலிருந்து ஒரு பக்கப் பதில் வந்தது. பக்கம் முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியே: எங்கள் நேர்மையைச் சந்தேகிக்கிறீர்களா, திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், மன்னிப்புக் கேளுங்கள். கணக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த கூட்டத்தில் மற்ற வீட்டுக்காரர்களும் கணக்கை மறந்து, தம்பி அப்படி எழுதியிருக்கலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்தபோது எனக்கு வந்த வேதனைதான் இதை எழுத வைக்கிறது. நியாயம் முழுவதும் அவர் பக்கம் இருந்தது. ஒரு சொல் அதை எதிர்ப்பக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். மலேசியாவில் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகளின்படி அவதூறு குற்றமாகவும் ஆகலாம். அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எழுதியது உண்மைதான் என்று வாதாடலாம், ஆனால் உண்மை என்று நிறுவுவது எழுதியவரின் பொறுப்பு. ‘அவர் தொகையைச் சொல்லவில்லை’ என்பதைக் கூட்டக் குறிப்பைக் காட்டி நிறுவிவிடலாம். ‘அவர் வேண்டுமென்றே மறைத்தார்’ என்பதை நிறுவ அவர் மனத்துக்குள் போக வேண்டும்.

நாடாளுமன்றங்களும் இதே இடத்தில்தான் கோடு கிழித்திருக்கின்றன. நம் மக்களவையின் நிலையாணை 36(6), ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினருக்குத் தீய நோக்கம் கற்பிக்கக் கூடாது என்கிறது. லண்டனிலும் சக உறுப்பினரைப் பொய்யர் என்று அழைக்க முடியாது. அந்தத் தடையைச் சுற்றிப் போகப் பயன்படும் தொடர்கள் சில உண்டு. 1906இல் சர்ச்சில், தென்னாப்பிரிக்காவில் சீனத் தொழிலாளர்கள் பற்றிய விவாதத்தில் ‘சொல்லாட்சித் துல்லியமின்மை’ என்று பொருள்படும் ஒரு தொடரைப் பயன்படுத்தினார். 1986இல் சிட்னி நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலாளர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், தவறான எண்ணத்தை உண்டாக்குவதற்கும் பொய்க்கும் என்ன வேறுபாடு என்று கேட்கப்பட்டபோது, உண்மையைச் சிக்கனமாகக் கையாள்வது என்ற பழைய தொடரைச் சொன்னார். குறுக்கு விசாரணை செய்த மால்கம் டர்ன்புல் பிற்காலத்தில் ஆஸ்திரேலியப் பிரதமரானார். ‘எக்கனாமிகல் வித் த ட்ரூத்’ என்ற அந்தத் தொடர் மரியாதையாக இருக்கிறதே என்று கடிதத்தில் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். இன்று ஆங்கிலம் அறிந்த எவர் காதிலும் அது ‘பொய்’ என்றுதான் விழும், கூடவே ஏளனமும் ஒட்டியிருக்கும்.

‘ஸ்டோன்வால்’, ‘ஸ்டால்’, ‘ரன்அரவுண்ட்’ ஆகியவை பேச்சைவிட நடத்தையைக் குறிப்பவை. ‘ஸ்டோன்வால்’ என்றால் கற்சுவர்; பதிலே தராமல் அசையாது நிற்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861இல் கற்சுவர் போல நின்றார் என்று ஜெனரல் ஜாக்சனுக்கு இது பட்டப்பெயராக வந்தது. கிரிக்கெட்டில், ஓட்டம் எடுக்க முயலாமல் பந்தைத் தடுத்துக்கொண்டே நிற்கும் ஆட்டக்காரரையும் இந்தச் சொல்லால் குறித்தார்கள். வாட்டர்கேட் விவகாரத்தில் 1973 மார்ச்சில் அதிபர் நிக்சன் தன் ஆட்களிடம் இப்படிச் சுவராக நிற்கச் சொன்னது ஒலிநாடாவிலேயே பதிவாகியிருக்கிறது. ‘ஸ்டால்’ நம் ‘இழுத்தடிப்பு’. அலுவலகத்தில் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் கேள் என்றும், ஒப்பந்தக்காரரைக் கேட்டால் அலுவலகத்தைக் கேள் என்றும் அலையவிடுவது ‘ரன்அரவுண்ட்’.

இவற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: தேதிகளைக் கொண்டு நிறுவ முடியும். மூன்று கடிதங்கள் அனுப்பினோம், மூன்றுக்கும் பதில் இல்லை என்று நாள் குறித்துக் காட்டிய பிறகு ‘ஸ்டோன்வால்’ என்று எழுதினால் அது வசையாகாது. அதனால்தான் இவற்றை முதல் கடிதத்திலிருந்து விலக்கி, கடைசிக் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மலாயில் எழுதுவோர் இதே கவனத்தை, மாற்றி மாற்றிப் பேசி மழுப்புவதைக் குறிக்கும் ‘டோலாக்-டாலிக்’ விஷயத்திலும் காட்ட வேண்டும். அந்தச் சொல்லும் ஆளைத்தான் சுடும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கடிதங்களைப் படிக்கவும் ஒரு பழக்கம் தேவை. ‘வீசல் வேர்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு. 1900ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இதழொன்றில் அச்சேறி, 1916இல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பேச்சால் பரவியது. ‘வீசல்’ என்பது மரநாய் வகையைச் சேர்ந்த சிறு விலங்கு. அது ஓடு உடையாமல் முட்டையின் உள்ளிருப்பை உறிஞ்சிவிடும் என்பது நம்பிக்கை. வாக்கியம் முழுசாக நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’, ‘தகுந்த காலத்தில் தெரிவிக்கப்படும்’ என்பவை இந்த வகை. செய்தவர் யார் என்பதை மறைக்கும் செயப்பாட்டு வினை இவற்றின் உயிர். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் 1987 ஜனவரியில் அதிபர் ரீகன் ‘தவறுகள் நடந்துவிட்டன’ என்ற பொருளில் பேசினார். செய்தவர் யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. இப்படிப்பட்ட பதில் வந்தால் அதை ‘வீசல்’ என்று அழைக்காதீர்கள். அவர்கள் எழுதிய வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்துப் போட்டு, கீழே யார், எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள்.

ஆக, நான் எழுதச் சொல்லும் வடிவம் இது: “இந்தத் தேதிக் கூட்டத்தில் மின்தூக்கிப் பழுதுக்கான செலவைக் கேட்டேன். தலைவர் ‘கவனித்துக்கொண்டிருக்கிறோம்’ என்று பதிலளித்தார். தொகை சொல்லப்படவில்லை. அடுத்த மாதம் இந்தத் தேதிக்குள் தொகையையும் ரசீதின் நகலையும் தரக் கேட்டுக்கொள்கிறேன்.” ஆங்கிலத்தில் இது நான்கு எளிய வாக்கியங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட எழுதலாம். அகராதி வேண்டாம்.

இது சாதுவான வழி என்று நினைப்பவர்களுக்கு 1997இல் பிபிசியில் நடந்த நேர்காணலைச் சொல்வேன். முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம், சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறப்போவதாக மிரட்டினீர்களா என்று ஜெரமி பாக்ஸ்மன் கேட்டார். நேரான பதில் வரவில்லை. பாக்ஸ்மன் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். 12 முறை என்று எண்ணிச் சொல்வார்கள். மழுப்புகிறீர்கள் என்ற தீர்ப்பை அவர் வழங்கத் தேவையே ஏற்படவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள்.

நம் நிலையில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மற்ற வீட்டுக்காரர்கள். பிறகு ஒருவேளை, அடுக்குமாடிக் குடியிருப்புத் தகராறுகளை விசாரிக்கும் ஸ்ட்ராடா நிர்வாகத் தீர்ப்பாயம். 2013ஆம் ஆண்டின் 757ஆம் சட்டத்தால் அமைந்த அந்தத் தீர்ப்பாயம் 2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கலாம். அங்கே கோப்பைப் புரட்டுபவருக்கு நம் கோபத்தால் பயனில்லை. என்ன கேட்கப்பட்டது, எந்த நாளில், என்ன பதில் வந்தது, எது வரவில்லை என்பதே தேவை.

கூட்டக் குறிப்பு எழுதுபவர் நீங்களே என்றால் என் யோசனை சற்று மாறும். குடியிருப்பாகட்டும், 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவான கோயில் சங்கமாகட்டும், அந்தக் குறிப்பை அடுத்த கூட்டம் ஏற்க வேண்டும். அதில் விவரிக்கப்பட்டவரும் அங்கே உட்கார்ந்திருப்பார். ‘ஈவேசிவ்’ என்று எழுதினால் அடிக்கச் சொல்வார், பெரும்பாலும் அடித்தும் விடுவார்கள். ‘நான்-கமிட்டல்’ பெரும்பாலும் நிற்கும். ‘தொகையைத் தலைவர் தெரிவிக்கவில்லை’ என்பதை அடிக்க வேண்டுமானால் அவர் தொகையைத் தெரிவித்தாக வேண்டும்.

எஸ்பிஎம், முயெட் தேர்வுகளை எழுதும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. கட்டுரையில் சொல்வளம் காட்டலாம். அங்கேயும் ‘பிரிவாரிகேட்’ எழுத ஆசைப்படுபவர், தாமதத்தைச் சொல்ல வருகிறோமா பொய்யைச் சொல்ல வருகிறோமா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்ளட்டும்.

நேருக்கு நேர் பேசும்போது நிலைமை வேறு. நிர்வாக அலுவலகத்தில் உங்களுக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் சுற்றி வளைத்தால், சிரித்துக்கொண்டே ‘பீட் அபவுட் த புஷ் வேண்டாம் அண்ணா, தொகையை மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்கலாம். அவர் சொல்லிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் அந்தத் தொகையையும் தேதியையும் அவருக்கே ஒரு செய்தியாக எழுதி அனுப்பி, சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.